பின்கதவுப் பட்டைகள்

நம் வயதுக்காரர்கள் பழைய கார் படங்களைப் பார்த்து உருகுவதை என்னால் சகிக்க முடிவதில்லை. போன வாரம்கூட நம்மில் ஒருவர், கடற்கரைச் சாலையில் ஒரு பழைய பிரெஞ்சுக் கார் நிற்கும் படத்தை எல்லோருக்கும் அனுப்பி, 'என்ன பளபளப்பு பாருங்கள்' என்று எழுதியிருந்தார். பார்த்தேன். கதவின் குறுக்கே ஓடும் வெள்ளி நிறப் பட்டையை மட்டும்தான் பார்த்தேன். அதை யார் கழற்றினார்கள், யார் மாட்டினார்கள், அது யார் வேலை என்று சொல்லப்பட்டது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டீர்கள். அதனால் நானே சொல்கிறேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருஷம். நான் ஏழாம் வகுப்புக்குப் போகவேண்டிய கோடை விடுமுறை. முதலியார்பேட்டையில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு ஷெட் வைத்திருந்தார்கள். மில் வேலை போன பிறகு அப்பா டிங்கரிங் கற்றுக்கொண்டிருந்தார். நசுங்கிய தகரத்தைத் தட்டி நேராக்குகிற வேலை. சித்தப்பா பெயின்டர். நல்ல கை என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சு அவர் தலைக்கு ஏறியிருந்தது. நினைத்தபோது வருவார், நினைத்தபோது போவார். யாராவது ஒரு வார்த்தை கேட்டால், "கடலூர்ல கூப்புடுறாங்க, போயிடட்டுமா" என்பார். அப்பா உடனே அடங்கிப்போவார். அடங்கிப்போன கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் மேல் இறக்குவார்.

அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை பார்த்தாள். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை. அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய்ச் சுருங்கியிருக்கும்.

அந்தக் காரைக் கொண்டுவந்தவரை நாங்கள் முசியே என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர்தான், கறுப்பாக, உயரமாக இருப்பார். கார் அவர் மாமனாருடையது. பல வருஷம் கொட்டகையில் கிடந்து கோழி முட்டையிட்ட கார். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தில், பழைய பட்டாளத்துக்காரர்கள் பதக்கம் எல்லாம் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார்களே, அன்று அந்தக் காரில் போய் இறங்கவேண்டும் என்பது அவர் ஆசை.

"பதிமூணாந்தேதி சாயங்காலம் வேலை ஃபினி ஆயிருக்கணும்பா. பதினஞ்சாந்தேதி குடுத்தா எனக்குத் தேவையில்ல, நீயே வெச்சிக்கோ" என்றார்.

காரின் இரண்டு பக்கமும் முன்னாலிருந்து பின்னால் வரை வெள்ளி நிற அலுமினியப் பட்டை ஓடும். ஷெட்டில் அதற்குப் பீடிங் என்று பெயர். ஒரு பக்கத்துக்கு நான்கு துண்டு: முன் மட்கார்டில் ஒன்று, முன்கதவில் ஒன்று, பின்கதவில் ஒன்று, பின் மட்கார்டில் ஒன்று. பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் அத்தனையையும் கழற்ற வேண்டும். பட்டைக்குப் பின்னால் சின்னச் சின்ன கிளிப்புகள் காரின் ஓட்டைகளில் குத்தி நிற்கும். பட்டையின் ஒரு முனையில் மட்டும் கதவுக்கு உட்புறத்திலிருந்து ஒரு நட்டு. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பட்டை மடங்கிவிடும். ஒரு முறை மடங்கியது மடங்கியதுதான், எவ்வளவு தட்டினாலும் அந்தக் கோடு வெயிலில் தெரியும்.

அப்பா அதைத்தான் செய்யப்போனார். நானும் அம்மாவும் அன்று சாப்பாடு கொண்டுபோயிருந்தோம். மண்ணெண்ணெய், தின்னர், பள்ளம் நிரப்பும் பட்டியைத் தேய்த்த தூசி எல்லாம் கலந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும் நாற்றம். அப்பா பின்கதவின் உள்ளே கையை விட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். அவர் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. இன்னொரு கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது.

அம்மா கேரியரைக் கீழே வைத்தாள். "தள்ளுங்க, நான் பாக்குறேன்."

"ஆமா, இவ வந்து கழட்டப்போறா. போய் சோத்தப் போடு."

"சோறு எங்கயும் ஓடிப்போவாது. தள்ளுங்க."

அம்மாவின் கை மெலிந்த கை. முழங்கை வரை உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி நட்டைச் சுழற்றி எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். சித்தப்பா பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணி, நீங்க பேசாம ஷெட்டுக்கு வந்துடுங்க. அண்ணன் சோறாக்கட்டும்."

அது கேலிக்குச் சொன்னது. ஆனால் அடுத்த நாளே உண்மையாகிவிட்டது. அம்மா தென்னை மட்டையைச் சீவி ஓர் ஆப்பு செய்துகொண்டு வந்தாள். மட்டை பெயின்டைக் கீறாது. முந்தின நாளே ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுவைப்பாள். மறுநாள் ஆப்பைப் பட்டைக்கு அடியில் வைத்து மெதுவாகத் திருப்புவாள். டிக் என்று ஒரு கிளிப்பு விடும். ஒரு சாண் தள்ளி இன்னொரு டிக். அவசரமே கிடையாது. கழற்றிய இடப்பக்கப் பட்டைகளைப் பச்சைப் புடவைத் துணியில் சுற்றினாள், வலப்பக்கத்தை மெரூன் துணியில். கிளிப்புகளுக்கு மதாம் கொடுத்த பிஸ்கட் டின். அந்த டின், அந்த ஆப்பு எல்லாம் எங்கே போயின என்று இன்று யாருக்கும் தெரியாது. எட்டுப் பட்டையும் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தன.

அன்று அப்பா சொன்னார். நான் என் காதால் கேட்டேன். "இனிமே பீடிங் வேலை எது வந்தாலும் இவதான். மதாம் வீட்டுக்குச் சொல்லிடு, இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு."

அம்மா அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்தவர் எச்சில் பாத்திரத்தை விட்டுவிட்டு ஷெட்டில் தன் கைவேலையோடு உட்காருவது. அவளுக்கு அதுதான் எல்லாம். அந்த ஒரு மாதம் அவள் நடையே வேறாக இருந்தது. தெருவில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால், "ஷெட்டுக்கு" என்பாள். வேறு ஒன்றும் சேர்க்கமாட்டாள்.

ஜூன் பிறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வெள்ளிக்கிழமைக்காக விளக்குகளைத் தேய்க்கக் குழாயடியில் உட்கார்ந்தாள். முன் மட்கார்டு பட்டைகள் இரண்டையும் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தாள். அவற்றில் பழுப்பாக ஏதோ கறை. விளக்குக்குக் கரைத்த புளி மீதி இருந்தது. அதைப் போட்டுத் தேய்த்தாள். தேங்காய் நாரால், நீளவாக்கில், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

எதிர்வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாக்கா, கத்தி தேய்க்கிற? மாமாவ சண்டைக்கு அனுப்பப் போறியா?"

"அந்த மனுஷன் சண்டைக்குப் போறாரோ இல்லியோ, நான் போவேன்" என்றாள் அம்மா. தெருவே சிரித்தது. அதாவது தெருவே பார்த்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைகள் இரண்டும் நன்றாக வெளுத்து வந்தன. துடைத்து, அதனதன் துணியில் சுற்றி மறுநாள் ஷெட்டில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள். பள்ளி விட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். அம்மாவும் அப்பாவும் இல்லை. சித்தப்பா மட்டும் மூலையில் இருந்த ட்ரம்மில் இருந்து கம்பியால் எதையோ தூக்கிக்கொண்டிருந்தார். வீல் ரிம்மில் ஒட்டிய பழைய பெயின்டை உரிக்க அந்த ட்ரம்மில்தான் போடுவார்கள். சோடாத்தண்ணி என்பார்கள். அவர் தூக்கியது பட்டை. இரண்டு பட்டை. நுரை நுரையாகப் பொங்கி, உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் ஏறும் நெடி.

"கிட்ட வராத. மேல பட்டா கண்ணு பூடும். வூட்டுக்குப் போ."

எனக்கு அது சோப்புத் தண்ணீர் மாதிரி தெரிந்தது. நுரை வந்தால் சுத்தமாகிறது என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள். சித்தப்பா பட்டையைக் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். பின்கதவுப் பட்டைகளில் மட்டும் பழைய பெயின்ட் ஒட்டியிருந்தது. தேய்த்து எடுக்கச் சோம்பல் பட்டு ரிம்மோடு சேர்த்து ட்ரம்மில் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அப்பா துணியைப் பிரித்தார். பின்கதவுப் பட்டைகள் இரண்டும் கருத்து, சொரசொரவென்று, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தன. ஷெட்டில் எல்லோரும் இருந்தோம். அப்பா முகம் வெளிறியது.

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணி புளி போட்டு விளக்கினாங்கன்னு தெருவே சொல்லுது. பித்தளைச் சொம்புன்னு நெனச்சிட்டாங்க போல."

அம்மா நிதானமாகச் சொன்னாள். "நான் தேய்ச்சது முன்னாடி பட்டை. இது பின்கதவு. நான் இதத் தொடவே இல்ல. இதோ பாருங்க, ரெண்டும் மெரூன் துணியில கீது. நான் அப்படிச் சுத்தமாட்டேன்."

"துணி மாறினா குத்தமா இப்ப? பட்டை போச்சு, அதப் பேசு" என்றார் அப்பா.

"நான் தொடல."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏ பொண்ணு, உங்கம்மா புளி போட்டுத் தேய்ச்சாளா இல்லையா?"

"ஆமா" என்றேன்.

எந்தப் பட்டை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது மட்டுமல்ல. எனக்கு அம்மா மேல் கோபமாகவும் இருந்தது. வேலை கெட்டுப்போனதே, முசியே என்ன சொல்வார், அப்பா இனி எத்தனை நாள் வீட்டில் கத்துவார் என்றெல்லாம் ஓடியது. அம்மாதான் கெடுத்தாள் என்றே நம்பினேன். பன்னிரண்டு வயது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதில்லை. பன்னிரண்டு வயதில் இடது வலது தெரியும், முன்பக்கம் பின்பக்கம் தெரியும்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைலேர்ந்து நீ ஷெட்டு பக்கம் வராத" என்றார் அப்பா. "பொம்பள கைய வெச்சா இப்படித்தான்."

சித்தப்பா சமாதானம் பேசினார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "வுடு அண்ணே, தெரியாம செஞ்சிட்டாங்க. அண்ணி, மனசுல வெச்சிக்காதீங்க."

மறுநாள் மத்தியானம் அப்பா அந்தப் பட்டைகளைச் சைக்கிளில் கட்டி, என்னைப் பின்னால் உட்கார வைத்து, பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பாலீஷ்காரரிடம் போனார். பாத்திரம், கோயில் கவசம் எல்லாம் பாலீஷ் போடுபவர். ஒரு சந்துக்குள் கடை. மீன் கழுவிய தண்ணீர் வாசல் வரை ஓடிவரும். அவர் முகம், கண்ணிமை எல்லாம் கறுப்புப் பொடி. பட்டையை வாங்கி, நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காஸ்டிக்ல எத்தினி நேரம் கெடந்துது?"

அப்பா ஒரு முறை என்னைப் பார்த்தார். "கொஞ்ச நேரம்" என்றார்.

"கொஞ்ச நேரமா? தின்னுட்டுருக்குது. குழிய எடுக்கலாம், அந்தப் பளபளப்பு வராது. போட்டவன் கைய ஒடைக்கணும்."

அப்பா கூலியைப் பேசி முடித்தார். காஸ்டிக் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஷெட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. திரும்பி வரும்போது அப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். எப்போதும் வாங்கிக்கொடுக்காத மனுஷன். நான் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தேன்.

அம்மா மதாம் வீட்டுக்குத் திரும்பப் போய்க் கேட்டாள். அங்கே வேறு ஆள் வந்துவிட்டிருந்தது. தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவ ஆள் எடுத்தார்கள். பஸ் ஏறிப் போய்வர ஆரம்பித்தாள். மதாம் வீட்டிலாவது தட்டும் கிண்ணமும். இங்கே அவள் உள்ளே இறங்கிக் கழுவவேண்டிய அளவுக்கு அண்டாக்கள்.

பதிமூன்றாம் தேதி வந்தது. பெயின்ட் அடித்து முடிந்திருந்தது. பிரமாதமான சாம்பல் நிறம், அதில் பொய் சொல்லமாட்டேன். பட்டை மாட்டும் வேலை மட்டும் பாக்கி. கிளிப்புகளைப் பட்டையில் வரிசைக்கு நிறுத்தி, ஒவ்வொன்றும் அதனதன் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு முனையிலிருந்து உள்ளங்கை அடிப்பாகத்தால் அழுத்திக்கொண்டே போகவேண்டும். சித்தப்பா ரப்பர் சுத்தியலால் தட்டினார். மூன்று கிளிப்பு உடைந்தது. பட்டையின் ஓரம் இடித்துப் புதுப் பெயின்டில் நகம் அளவுக்குப் பெயர்ந்தது. பின்கதவு நட்டை அப்பாவால் எட்டவே முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பா என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

"உங்கம்மாவ வரச்சொல்லு."

அம்மாவுக்கு அன்று மண்டபத்தில் வேலை இல்லை. படுத்திருந்தாள். நான் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள். போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். போகக்கூடாது என்றும் நினைத்தேன். அவள் தலையை முடிந்துகொண்டு கிளம்பினாள்.

ஷெட்டில் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் கிரீஸ் தடவினாள், தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்காமல் இருக்க. துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அழுத்தினாள். டிக், டிக் என்று எட்டுப் பட்டையும் உட்கார்ந்தன. முன்கதவுப் பட்டையும் பின்கதவுப் பட்டையும் சேரும் இடத்தில் ஒரு நூல் அளவு விலகல் இல்லை. பின்கதவின் உள்ளே முழங்கை வரை கையை விட்டு நட்டை முடுக்கினாள். கையை வெளியே எடுத்தபோது தகரம் கிழித்து ரத்தம். பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கழுவினாள்.

அந்த நேரம் பார்த்து முசியே வந்தார். காரைச் சுற்றி வந்தார். சேரும் இடத்தில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். "போன்" என்று பிரெஞ்சில் மெச்சினார். "யாரு கைப்பா இது?"

"நம்ம கைதான் முசியே" என்றார் அப்பா.

பிறகு முசியே பின்கதவுக்கு வந்தார். "இது மட்டும் ஏன்பா செத்த மீன் கண்ணு மாதிரி கீது?"

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்படியும் தொட்டி வரை கேட்டது. "வூட்டுப் பொம்பள தெரியாம புளி போட்டுத் தேய்ச்சிட்டா முசியே. நான் என்னா செய்யறது."

முசியே சிரித்தார். "பொம்பளைங்க கையில குடுத்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சித்தப்பாவும் சிரித்தார். அம்மா தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு அவள் அந்த ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. எத்தனையோ பீடிங் வேலை வந்தது. அப்பாவும் கூப்பிடவில்லை.

ஐந்து வருஷம் ஓடியது. நான் பிளஸ் டூ. கெமிஸ்ட்ரி லேபில் டீச்சர் ஒரு சோதனைக் குழாயில் அலுமினியத் துண்டைப் போட்டு, அதன் மேல் ஒரு திரவத்தை ஊற்றினார். உஸ்ஸென்று நுரை பொங்கியது. அதே நெடி. துண்டு கருத்தது.

"மிஸ், இது என்ன?"

"சோடியம் ஹைட்ராக்சைடு. கடையில காஸ்டிக் சோடான்னு கேட்டா தருவான்."

"புளி போட்டாலும் இப்படிக் கருக்குமா மிஸ்?"

"புளி போட்டா வெளுக்கும்டி. உங்க வீட்டுல அலுமினியச் சட்டியே இல்லியா?" வகுப்பு முழுக்கச் சிரித்தது.

பள்ளி விட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். சித்தப்பா இல்லை. அதற்கு முந்தின வருஷமே அவர் அப்பாவை விட்டுவிட்டுக் கடலூருக்குப் போய்விட்டிருந்தார். அப்பா தனியாக ஒரு பம்பரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாலீஷ்காரர் காஸ்டிக்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றேன்.

எந்தக் காஸ்டிக், எந்தப் பாலீஷ்காரர் என்று அவர் கேட்கவில்லை. தட்டுவதை நிறுத்தவும் இல்லை.

"அதுக்கு முன்னாடியே தெரியும். பட்டையப் பாத்தப்பவே தெரியும். நான் காஸ்டிக் பாக்காதவனா?"

"அப்புறம் ஏன் அம்மாவச் சொன்னீங்க?"

"உங்க சித்தப்பன ஒரு வார்த்த சொன்னா போயிடுவான். கார் பாதியில நிக்குது. உங்கம்மா எங்க போவா?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்பது போன்ற முகம். அந்த முகத்தை நான் மன்னிக்கவில்லை. இன்று அவருக்குக் கண் மங்கிவிட்டது, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது நான்தான். அழைத்துப்போகிறேன். மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா மண்டபத்து வேலை முடிந்து வந்து, ஊறிய விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். லேப், நுரை, ட்ரம், பாலீஷ்காரர், அப்பா சொன்னது. கடைசியில், "நான் சித்தப்பா பட்டையைக் கழுவுறாருன்னு நெனச்சேன்மா. நீதான் கெடுத்தேன்னு நெனச்சேன். அதான் ஆமான்னு சொன்னேன்" என்றேன்.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"உங்கப்பன் தெரிஞ்சேதான் சொல்றான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "நீ தெரியாம சொன்னியா, தெரிஞ்சு சொன்னியான்னுதான் தெரியாம இருந்துச்சு."

அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் ஐந்து வருஷமும் தினம் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள்.